‘அகாபே’ என்றால் தெய்வீக அன்பா?

பிரசங்கங்களிலும் வாலிபர் கூட்டங்களிலும் தவறாமல் வந்துவிடும் ஒரு பாடம் உண்டு. கிரேக்க மொழியில் அன்புக்கு நான்கு சொற்கள். ஈரோஸ் என்றால் உடல் இச்சை கலந்த காதல், ஸ்டோர்கே என்றால் குடும்பப் பாசம், ஃபிலியா என்றால் நட்பு, அகாபே என்றால் எதையும் எதிர்பார்க்காத தெய்வீக அன்பு. நான்காவதுக்கு வரும்போது பேசுகிறவரின் குரல் கொஞ்சம் உயரும். கேட்க நன்றாக இருக்கும், நோட்டில் எழுதிக்கொள்ளவும் வசதி. ஆனால் இந்தச் சொல் பைபிளில் எங்கெல்லாம் வருகிறது என்று தேடிப் பார்த்தால் பாடம் நிற்காது.

அகாபே பெயர்ச்சொல். அதன் வினை அகபாவோ. நேரான பொருள் அன்பு, அன்புகூர்தல், அவ்வளவுதான். யார் யார்மேல் வைத்த அன்பு, உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதெல்லாம் சொல்லுக்குள் அடங்கியிருக்கவில்லை. தேமா என்பவன் பவுலைக் கைவிட்டுப் போன செய்தி 2 தீமோத்தேயு 4:10-இல் இருக்கிறது. “தேமா இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்து” என்கிறது பழைய தமிழ் மொழிபெயர்ப்பு. அந்த ‘ஆசைவைத்து’ கிரேக்கத்தில் அகபாவோதான். பரிசேயர் ஜெப ஆலயத்தில் முதல் இருக்கைகளை விரும்புவதற்கும் (லூக்கா 11:43), மனுஷர் ஒளியைவிட இருளை விரும்புவதற்கும் (யோவான் 3:19) அதே வினை. இருக்கைமேல் வைத்த ஆசையில் தெய்வீகம் எங்கிருந்து வந்தது?

பழைய ஏற்பாட்டின் பழமையான கிரேக்க மொழிபெயர்ப்பான செப்டுவஜிந்தில் நிலைமை இன்னும் மோசம். தாவீதின் மகன் அம்னோன் தன் சகோதரி தாமாரைப் பலவந்தம் செய்கிறான். செய்து முடித்ததும் அவள்மேல் வெறுப்பு வருகிறது. முன்பு விரும்பிய விருப்பத்தைவிட இந்த வெறுப்பு பெரிதாக இருந்தது என்கிறது 2 சாமுவேல் 13:15. அந்த ‘விருப்பம்’ கிரேக்கத்தில் அகாபே. உன்னதப்பாட்டின் காதலும் அகாபேதான். “நேசம் மரணத்தைப்போல் வலிது” என்ற புகழ்பெற்ற வரியில் ‘நேசம்’ என்று தமிழில் வருவது அது. ஈரோஸுக்கு ஒதுக்கிய இடத்திலேயே அகாபே உட்கார்ந்திருக்கிறது.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? அகபாவோ என்ற வினை பண்டைக் கிரேக்கக் கவி ஹோமரின் காலத்திலிருந்தே இருக்கிறது. பெயர்ச்சொல்தான் செப்டுவஜிந்துக்கு முன் கிரேக்க நூல்களில் அரிது. அதனால் இது பைபிள் மொழிபெயர்ப்பாளர்கள் தனியாக உண்டாக்கிய புனிதச் சொல் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். இன்று பெரும்பாலான அறிஞர்கள் சொல்லும் காரணம் சாதாரணமானது. அன்பைச் சொல்லிவந்த ஃபிலேயோ என்ற பழைய வினைக்கு (ஃபிலியாவோடு சேர்ந்த வினை இது) ‘முத்தமிடு’ என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. யூதாஸ் இயேசுவைக் காட்டிக்கொடுக்க இட்ட முத்தத்துக்கு மாற்கு 14:44-இல் ஃபிலேயோதான் வருகிறது. பொதுவாக அன்பைச் சொல்ல வேறொரு வினை வேண்டியிருந்தது, அந்த இடத்துக்கு அகபாவோ மெல்ல வந்து சேர்ந்தது. இன்றைய கிரேக்கத்திலும் காதலர்கள் ஒருவருக்கொருவர் சொல்வது ‘ஸகபோ’. அதே வேர்தான், ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்று பொருள்.

நான்கு சொல் பாடத்தில் இன்னொரு ஓட்டையும் உண்டு. ஈரோஸ் என்ற சொல் புதிய ஏற்பாட்டில் ஓரிடத்திலும் இல்லை. ஸ்டோர்கே தனிச்சொல்லாக இல்லை. “சுபாவ அன்பில்லாதவர்கள்” என்று ரோமர் 1:31-இல் வருவது போன்ற கூட்டுச்சொற்களில் மட்டும் அது ஒளிந்திருக்கிறது.

இந்தப் பாடத்தின் உச்சக்கட்டம் எப்போதும் யோவான் 21. உயிர்த்தெழுந்த இயேசு பேதுருவிடம் இரண்டு முறை அகபாவோ என்ற வினையால் கேட்கிறார், பேதுரு ஃபிலேயோவால் பதில் சொல்கிறான். மூன்றாம் முறை இயேசுவும் ஃபிலேயோவுக்கு இறங்கி வருகிறார். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதை அப்படியே காட்டுகிறது: “அன்பாயிருக்கிறாயா” என்று இரண்டு முறை, “நேசிக்கிறாயா” என்று ஒரு முறை. பேதுருவின் பலவீனத்துக்காக ஆண்டவர் கேள்வியின் தரத்தைக் குறைத்தார் என்று உருக்கமாக விளக்குவார்கள். உருக்கம் உண்மைதான், ஆதாரம்தான் போதவில்லை. யோவான் சொற்களை மாற்றி மாற்றி எழுதும் பழக்கமுள்ளவர். அதே உரையாடலில் ஆட்டுக்குட்டி, ஆடு என்றும் மாற்றுகிறார். ‘மேய்’ என்பதற்கும் ‘அறி’ என்பதற்கும் இரண்டிரண்டு வினைகளைப் போடுகிறார். பிதா குமாரனில் அன்பாயிருக்கிறார் என்று 3:35-இல் சொல்லும்போது அகபாவோ, 5:20-இல் அதையே சொல்லும்போது ஃபிலேயோ. பிதாவின் அன்பு இரண்டு அதிகாரத்துக்குள் நட்பாகக் குறைந்துவிட்டதா என்ன? தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இங்கே இரண்டு இடத்திலும் ‘அன்பாயிருந்து’ என்றே போட்டிருக்கிறார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது.

அகாபேயை ஈரோஸுக்கு நேர் எதிராக நிறுத்தும் போக்கு பரவியதில் ஸ்வீடன் இறையியலாளர் ஆண்டர்ஸ் நிக்ரெனுக்குப் பெரிய பங்கு உண்டு. 1930-களில் அவர் இதைப் பற்றி விரிவாக எழுதினார். அவர் நுணுக்கமாக வாதாடியது மேடைகளுக்கு வரும்போது ஒற்றை வரி அட்டவணையாகச் சுருங்கிவிட்டது. 1961-இல் ஜேம்ஸ் பார் என்ற பைபிள் அறிஞர், ஒரு கருத்தின் இறையியலை ஒற்றைச் சொல்லுக்குள் திணிக்கும் இந்த முறையையே கடுமையாக விமர்சித்தார். பொருள் வாக்கியத்தில் இருக்கிறது, தனிச்சொல்லில் இல்லை என்பது அவர் கட்சி. ரோமர் 5:8-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தகுதி பாராத அன்பு அங்கே தெரிவது அகாபே என்ற சொல்லால் அல்ல, “நாம் பாவிகளாயிருக்கையில்” என்ற தொடரால். கிரேக்கம் ஒரு எழுத்துகூடத் தெரியாத ஒருவருக்கும் அது முழுசாகப் போய்ச் சேர்கிறது.

அப்புறம், தமிழில் இதற்குச் சரியான சொல் எது? அருள் என்று சொல்ல ஆசை வரலாம். “அருளென்னும் அன்பீன் குழவி” என்கிறது குறள். அருளுக்குப் பரிமேலழகர் தரும் விளக்கம், தொடர்பு பற்றாது எல்லா உயிர்கள் மேலும் செல்லும் கருணை. நிபந்தனையற்ற அன்பு என்று மேடையில் சொல்லப்படுவதற்கு இதைவிட நெருங்கிய தமிழ் இல்லை. ஆனால் கிறிஸ்தவத் தமிழில் அந்த இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. சீர்திருத்தச் சபையார் கிருபை என்பதைக் கத்தோலிக்கர் அருள் என்கிறார்கள். அது காரிஸ் என்ற வேறு கிரேக்கச் சொல்லுக்கானது. காதல் என்றால் உன்னதப்பாட்டுக்குப் பொருந்தும், அன்பைப் பற்றிய அதிகாரமான 1 கொரிந்தியர் 13-க்குப் பொருந்தாது. நேசம் ஓரளவு ஒத்துப்போகும். இறையன்பு, தேவ அன்பு போன்றவை விளக்கங்கள், அவற்றை மொழிபெயர்ப்பு என்று சொல்ல முடியாது. தேமாவின் ஆசைக்கு அவற்றைப் போட முடியுமா?

ஆக, அன்பு என்ற சொல்லே போதும். ‘அகாபே அன்பு’ என்று சேர்த்துச் சொல்வது ‘அன்பு அன்பு’ என்று சொல்வதற்குச் சமம். சூழலைப் பார்த்து விருப்பம், ஆசை, நேசம் என்று மாற்றிக்கொள்ளலாம். ஓரிடத்தில் மட்டும் அகாபே தனிக் கலைச்சொல்லாகவே வருகிறது. ஆதித் திருச்சபையார் கூடி உண்ட பொதுவிருந்துக்கு அந்தப் பெயர் இருந்தது, யூதா நிருபம் 12-ஆம் வசனத்தில் பன்மையில் வருகிறது. அதற்கு “அன்பின் விருந்து” என்ற பழைய மொழிபெயர்ப்பே நன்றாக இருக்கிறது.