விலக்கா, விதிவிலக்கா?

நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்டு முடிவு சொல்லப் பொதுமக்களிலிருந்து அழைக்கப்படும் குழுதான் ஜூரி. சிங்கப்பூரில் 1970இலிருந்து அது கிடையாது. ஆனால் லண்டனிலும் ஹாங்காங்கிலும் பிள்ளைகள் குடியேறிய குடும்பங்கள் இங்கே நிறைய. அங்கிருந்து ஜூரி அழைப்பு பற்றிப் பேச்சு வந்தால், தமிழில் ஒரு விளக்கமும் கூடவே வாட்ஸ்அப்பில் சுற்றும்: ‘75 வயதைத் தாண்டியவர்களுக்கு ஜூரி கடமையில் விதிவிலக்கு உண்டு.’ ஒரே வரியில் இரண்டு தப்பு.

முதல் தப்பு சொல்லில்: அங்கே வரவேண்டியது விதிவிலக்கு அல்ல, விலக்கு. விலகு என்றால் தானே ஒதுங்குவது, விலக்கு என்றால் ஒதுக்கிவிடுவது. அதுவே பெயர்ச்சொல்லாகவும் நிற்கும். வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும்.

விதிவிலக்கு என்பது, பொதுவாக நடப்பது ஓரிடத்தில் மட்டும் நடக்காமல் போவது. ‘எல்லாரும் தாமதமாக வந்தார்கள், கவிதா மட்டும் விதிவிலக்கு’ என்கிறோம். கவிதாவுக்கு யாரும் எந்தச் சலுகையும் தரவில்லை. விலக்கு அப்படியல்ல. அதைக் கொடுக்க ஓர் அதிகாரம் வேண்டும், வாங்க ஓர் ஆள் வேண்டும், சுமக்க வேண்டிய ஒரு கடமையும் இருக்க வேண்டும். வரி விலக்கு என்று சரியாகச் சொல்கிற அதே வாய், ஜூரி என்றதும் ஏன் ‘விதி’யை இழுத்து வருகிறது? விலக்கு என்று மட்டும் போட்டால் மதுவிலக்கு மாதிரித் தடை என்று எடுத்துக்கொள்வார்களாம். ‘கடமையிலிருந்து விலக்கு’ என்று எழுதினால் யார் அப்படி எடுத்துக்கொள்வார்கள்? வேற்றுமை உருபு எதற்கு இருக்கிறது? நீளமான சொல்தான் சட்டச் சொல் என்ற நினைப்பு நம் மொழிபெயர்ப்பாளர்களை விடுவதாக இல்லை.

சரி, இரண்டாவது தப்பு. இங்கிலாந்தில் ஜூரிக்கு வயது வரம்பு 18 முதல் 75 வரை. மேல் வரம்பு 70ஆக இருந்ததை 2016இல் உயர்த்தினார்கள். 76 வயதுக்காரருக்கு யாரும் விலக்கு தருவதில்லை. அவருக்குத் தகுதியே இல்லை, அவ்வளவுதான். ஹாங்காங்கில் வரம்பு 21 முதல் 65 வரை. அந்த வயதுக்குள் இருந்தும் வழக்கறிஞர், மருத்துவர், மதகுரு, முழுநேர மாணவர் போன்றவர்களைச் சட்டம் விட்டுவிடுகிறது. அதுதான் விலக்கு. நாளிதழ் ஆசிரியருக்கும் உண்டு. மொழிபெயர்ப்பாளருக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

ஜூரிக்கு வரச்சொன்ன தேதியைத் தள்ளிப்போடுவது ஒத்திவைப்பு. இங்கே கட்டாயமான தேசிய சேவைக்குப் பிள்ளையை அனுப்பிய எந்தப் பெற்றோரையும் கேளுங்கள், ஒத்திவைப்பு வேறு, விலக்கு வேறு என்று தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். காரணம் காட்டிக் கேட்டு, அதிகாரி ஒப்புக்கொண்டு அனுப்பிவிட்டால் அது விடுவிப்பு. ஆங்கிலத்தில் excused என்கிற இதையும் மொழிபெயர்ப்பாளர்கள் விட்டுவைக்கவில்லை: ‘அறுவை சிகிச்சை காரணமாக அவர் ஜூரி கடமையிலிருந்து மன்னிக்கப்பட்டார்’ என்று ஒரு வரி. கண் புரையை எடுக்கப் போனவர் பாவம், என்ன குற்றம் செய்தார்?