ஆண்டுக்கு இரண்டே ஊசி: லெனகாபவிர் எப்படி வேலை செய்கிறது?

எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள் நாள்தோறும் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்க, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளும் லெனகாபவிர் ஊசி மட்டும் எப்படி அத்தனை காலம் தாக்குப்பிடிக்கிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்கு முன், அது வைரஸின் எந்த உறுப்பில் கை வைக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

வைரஸ் வெள்ளையணுவுக்குள் நுழைந்து, தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, அதை நம் மரபணுத் தொகுதியில் செருகிவிடுகிறது என்பது பள்ளிப் பாடம். 1987இல் வந்த சிடோவுடின் தொடங்கி டோலுடெகிராவிர் வரை பெரும்பாலான மருந்துகள் இவ்வேலைகளைச் செய்யும் நொதிகளையே முடக்குகின்றன. லெனகாபவிர் குறிவைப்பதோ, வைரஸின் மரபணுப் பொருளைப் பொதிந்து வைத்திருக்கும் கேப்சிட் என்னும் கூம்பு வடிவப் புரதக் கூட்டை.

இக்கூட்டின் கட்டுமானம் அலாதியானது. ஒரே புரதத்தின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் ஆறாறாகக் கூடி அறுகோணங்களாகின்றன. ஆனால் அறுகோணங்களை மட்டும் வைத்து ஒரு கூட்டை மூட முடியாது என்பதால், கால்பந்தில் இருப்பதைப் போலவே இதிலும் சரியாக 12 ஐங்கோணங்கள் இடம்பெறுகின்றன. செல்லுக்குள் நுழைந்ததுமே இக்கூடு கரைந்துவிடும் என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். அது சிதையாமலேயே உட்கருவின் துளைக்குள் புகுகிறது என்பதை அண்மைக்கால நுண்ணோக்கி ஆய்வுகள் காட்டின. அத்துளையை நிறைத்திருக்கும் புரத இழைகளில் பீனைல்அலனின் என்னும் அமினோ அமிலம் திரும்பத் திரும்ப வருகிறது; கேப்சிட்டில் அடுத்தடுத்த இரு புரதங்களுக்கு இடையே உள்ள ஒரு குழி, அதைப் பற்றிக்கொள்ளத் தோதாக அமைந்திருக்கிறது. அதே குழியில்தான் லெனகாபவிர் போய் அமர்கிறது.

இதனால் இழைகளைப் பற்ற வழியில்லாமல் போகிறது. அத்துடன், மருந்து மூலக்கூறு இரு புரதங்களையும் ஒருசேரத் தொட்டுக்கொண்டிருப்பதால் கூடு விறைத்து, நெகிழ்வை இழந்து, உரிய காலத்துக்கு முன்பே விரிசல் விடுகிறது. உறுதிப்படுத்துவதாலேயே உடைக்கும் இந்த முரண், மருந்தியலில் எனக்கு மிகவும் பிடித்தவற்றுள் ஒன்று. புதிதாக உருவாகும் வைரஸ்களிலும் கூடு கோணலாகவே அமைவதால், அவற்றால் தொற்ற முடிவதில்லை.

இனி வாசகரின் கேள்விக்கு வருவோம். பத்து ஃபுளோரின் அணுக்கள் கொண்ட இம்மூலக்கூறு நீரில் எளிதில் கரையாது. உடலிலும் மெதுவாகவே சிதைகிறது. தோலுக்கடியில் செலுத்தப்படும் 927 மில்லிகிராம் அங்கேயே தேங்கி, சிறுகச் சிறுக இரத்தத்தில் கலக்கிறது. மிகச் சொற்பமான செறிவே வைரஸை அடக்கப் போதும் என்பதால், ஆறு மாதம் கழிந்தும் தேவையான அளவு எஞ்சியிருக்கிறது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த தடுப்பு ஆய்வில் இந்த ஊசியைப் பெற்ற 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று ஏற்படவில்லை என்று 2024இல் அறிவிக்கப்பட்டது.

இக்கூட்டின் வடிவியலை யூட்டா பல்கலைக்கழகத்தின் வெஸ்லி சண்ட்க்விஸ்ட் குழுவினர் 1999இலேயே விளக்கியிருந்தார்கள். மருந்து வந்ததோ 2022இல். உடனடிப் பயனைக் காட்டினால்தான் நிதி என்று அடம்பிடிக்கும் குழுக்கள் இந்த இடைவெளியைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் நல்லது.

தொற்று உள்ளவர்களுக்கு இதைத் தனி மருந்தாகத் தருவதில்லை. அக்குழியை ஒட்டிய ஓர் அமினோ அமிலம் மாறினாலே மருந்தின் பிடி தளர்ந்துவிடக்கூடும். ஆகையால் வேறு இலக்குகளைத் தாக்கும் மருந்துகளையும் சேர்த்தே மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள்.