'உச்சமற்ற நேரம்' என்றால் எந்த நேரம்?

"உங்கள் மின்சாரக் காரை உச்சமற்ற நேரங்களில் சார்ஜ் செய்வதன் மூலம் பணத்தைச் சேமியுங்கள்." கார் செயலியில், மின்கட்டண விளம்பரத்தில், செய்தித் துணுக்கில் என்று இந்த வாக்கியம் துரத்திக்கொண்டே இருக்கிறது. ஆஃப்-பீக் என்பதைத்தான் இப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள்.

பீக் என்றால் முகடு, கூர்நுனி. ஒரு நாளின் மின்தேவையைக் கோடாக வரைந்தால், மாலையில் விளக்கு, ஏசி, அடுப்பு எல்லாம் ஒன்றாக ஓடும்போது அது மேலே எழும்பும். அந்தச் சில மணி நேரத்துக்காகவே கூடுதல் மின்நிலையங்களை இயக்க வேண்டியிருப்பதால் யூனிட் விலை ஏறும். முகட்டை விட்டு விலகிய பொழுது ஆஃப்-பீக். சொல்லின் கதை அவ்வளவுதான்.

வம்பு 'அற்ற'வில் இருக்கிறது. அறுதல் என்றால் அடியோடு இல்லாமல் போவது. பண்பற்ற, நாதியற்ற என்பதுபோல் உச்சமற்ற என்றால், இருக்க வேண்டிய உச்சத்தைப் பறிகொடுத்து நிற்கும் நேரம் என்றல்லவா ஒலிக்கிறது? ஜோதிடம் தெரிந்தவர் எந்தக் கிரகம் நீசமானது என்று தேடப் போய்விடுவார். ஒலி கிடக்கட்டும், பொருளே பிழை. பல இடங்களில் கட்டணம் மூன்று படியாக இருக்கிறது: உச்சம், இயல்பு, குறைவு. உச்சம் இல்லாததெல்லாம் 'உச்சமற்ற' நேரம் என்றால் நடுப்படியும் அதற்குள் வந்துவிடும். 7.4 கிலோவாட் சார்ஜரில் 40 யூனிட் ஏற ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம் பிடிக்கும். உச்சம் முடிந்ததுமே பிளக்கைச் செருகியவர் அதில் ஒரு பகுதிக்காவது நடுப்படிக் கட்டணம் கட்ட நேரலாம். வித்தியாசத்தை மொழிபெயர்ப்பாளரா தரப்போகிறார்?

'நெரிசலற்ற நேரம்' இன்னும் மோசம். நெரிசல் ஆட்களுக்கும் வண்டிகளுக்கும் உரியது. அதைப் படிப்பவர் சார்ஜிங் நிலையத்தில் வரிசை இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். 'இரவு நேரம்' என்றே எழுதிவிடலாமே என்பவர்களும் உண்டு. பிரிட்டனில் 1978இல் வந்த எகானமி 7 என்ற மின்கட்டணத் திட்டம் போல இரவில் ஏழு மணி நேரம் மலிவு என்றால் அது பொருந்தும். சூரிய மின்சாரம் மிகுந்த சில இடங்களில் இன்று நண்பகல்தான் மலிவு. அங்கே உச்சிப்பொழுதே 'உச்சமற்ற நேரம்' ஆகிவிடுகிற கூத்தையும் பார்க்கலாம்.

என் தேர்வு 'குறைசுமை நேரம்'. மின்சுமை என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. சுமை குறைந்த நேரம் என்று பொருள் நேராக விளங்குகிறது, நடுப்படியோடு குழம்பாது. குறை என்றால் குற்றமும் ஆகுமே என்று ஆட்சேபிப்பவர்கள், குறைகுடத்தில் என்ன குற்றம் கண்டார்கள் என்று சொல்லட்டும். கட்டணப் பட்டியலில் மட்டும் 'சலுகைக் கட்டண நேரம்' என்று போட்டாலும் எனக்குச் சம்மதம். வாடிக்கையாளருக்கு வேண்டியது விலைதானே.

அந்த வாக்கியத்தில் மீதியும் தேறாது. 'செய்வதன் மூலம்' தமிழர் வாயில் வருகிற தொடரா? 'பணத்தைச் சேமியுங்கள்' என்றால் வங்கியில் போடச் சொல்வதாக இருக்கிறது. இங்கே நடப்பது சேமிப்பு அல்ல, மிச்சம். "குறைசுமை நேரத்தில் சார்ஜ் போட்டால் காசு மிச்சம்" என்று எழுத எந்த அகராதியும் வேண்டாம். செயலியில் டைமர் வைக்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே அது அடங்கிவிடும்.