‘ஊசி போட்டும் வந்துச்சே, டாக்டரம்மா!’

போன நவம்பர் மழையில் ஒரு நாள், 74 வயதுப் பெரியவர் ஒருவரை அவர் மகன் ஆட்டோவில் தூக்கி வந்தார். நான் பெரம்பூரில் கிளினிக் திறந்த காலத்திலிருந்து என்னிடம் வருகிறவர். 20 வருடச் சர்க்கரை, 40 வருட பீடி. நான்கு நாள் காய்ச்சலை மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த கலர் மாத்திரைகளை வைத்தே ஓட்டியிருக்கிறார்கள். விரலில் மாட்டிப் பார்த்தால் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, 84. நேராக ஐ.சி.யூ. இன்ஃப்ளூயன்சா (ஃப்ளூ), அதோடு நிமோனியா. ஐந்து நாள், மூச்சுவிட உதவும் பைபேப் மாஸ்க்கோடு மல்லுக்கட்டி ஒருவழியாகப் பிழைத்தார். (ஆளை அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அதற்கு முந்தைய வருடம் இதே பெரியவரிடம் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி மன்றாடியிருந்தேன். ‘வேண்டாம் என்கிறார்’ என்று அவருடைய ஃபைலில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. ஏன் வேண்டாமாம்? “கோவிட் ஊசி ரெண்டும் போட்டேன். அப்புறமும் கோவிட் வந்துச்சே, டாக்டரம்மா. இதெல்லாம் சும்மா.”

வந்தது உண்மைதான். 2022 ஜனவரி, ஒமிக்ரான் அலை. மூன்று நாள் காய்ச்சல், கஞ்சி, பாராசிட்டமால், மாடி அறை. ஐந்தாம் நாள் டீக்கடைக்குப் போகக் கிளம்பியவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். இவருடைய தம்பி 2021 மே மாதம், ஊசி போடாமலே, ஆக்சிஜன் படுக்கை கிடைப்பதற்குள் போய்விட்டார். அண்ணன் மாடி அறையில் கஞ்சி குடித்ததை ஊசியின் தோல்வியாகத்தான் அந்தக் குடும்பம் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறது.

ஒரு அண்ணன் தம்பி கதையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அது எனக்கும் தெரியும். ஆனால் இதே வசனத்தை இந்த வாரம் மட்டும் நான்கு பேரிடம் கேட்டுவிட்டேன். ஒருவர் நிமோனியா ஊசி வேண்டாம் என்பதற்குச் சொன்னார். இன்னொருவர் நாய் கடித்த பேரனுக்கு ரேபிஸ் ஊசியின் மூன்றாவது டோஸ் எதற்கு என்று கேட்கும்போது சொன்னார். அங்கேதான் எனக்குப் பொறுமை போய்விட்டது.

முதலில் எங்கள் பக்கத்துத் தப்பைச் சொல்லிவிடுகிறேன். 2021 மார்ச்சில் 60 வயதைக் கடந்தவர்களுக்கு ஊசி தொடங்கியபோது, “போட்டுக்கோங்க, இனி பயமில்ல” என்று நானே எத்தனையோ பேரிடம் சொன்னேன். எதைப் பற்றிப் பயமில்லை என்று சொல்லவில்லை. கேட்டவர்கள், இனி கோவிட்டே வராது என்று எடுத்துக்கொண்டார்கள். டி.வி.யில் பேசிய சில டாக்டர்கள் அதை வாய்விட்டே சொன்னார்கள். அப்புறம் வந்தபோது ஜனங்கள் ஏமாந்ததாக நினைத்ததில் வியப்பில்லை.

சரி, ஊசி எதைத் தடுத்தது? வேலூர் சி.எம்.சி. தன் ஊழியர்களிடமே 2021ல் கணக்கெடுத்துப் பார்த்தது. பெரும்பாலும் கோவிஷீல்டு போட்டவர்கள். இரண்டு டோஸ் போட்டவர்களுக்குத் தொற்றே வராமல் தடுத்தது 65 சதவீதம். மருத்துவமனையில் சேரும் நிலையைத் தடுத்தது 77. ஆக்சிஜன் தேவைப்படுவதை 92. ஐ.சி.யூ.வை 94. படிப்படியாக ஏறுவதைப் பாருங்கள். நோய் எவ்வளவு கடுமையோ அந்த அளவுக்குப் பாதுகாப்பும் கூடுகிறது. மூக்கில் கிருமி நுழைவதைத் தடுக்கும் எதிர்ப்பொருள் சில மாதங்களில் குறைந்துவிடும். நுரையீரல் வரை இறங்கவிடாமல் மடக்கும் நினைவு செல்கள் நெடுநாள் இருக்கும். இதற்கு மேல் நோயெதிர்ப்புப் பாடம் இங்கே வேண்டாம்.

அந்தக் கணக்கில் ஊசி போட்டவர்களுக்கும் தொற்று வந்தது. ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவருக்கு வந்தது. ‘ஊசி போட்டும் வந்துச்சே’ என்பது அந்தப் பத்தில் ஒருவர் சொல்வது. ஐ.சி.யூ.வுக்குப் போகாமல் வீட்டிலேயே குணமான அதே ஆள்தான் இன்று வந்து ஊசி சும்மா என்கிறார்.

இப்போது என்னை அதிகம் எரிச்சலூட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெரியவரின் மகன் ஜி.எஸ்.டி. கணக்கு பார்ப்பவர், படித்தவர். ஐ.சி.யூ. வாசலில் வைத்து என்னிடம் கேட்டார்: “டாக்டர், நீங்க ஆயிரம் சொல்லுங்க. கடைசியில ஆஸ்பத்திரியில சேர்ந்தவங்கள்ல பாதிப் பேர் ஊசி போட்டவங்கதானே? நியூஸ்லயே வந்துச்சு.”

ஆமாம், வந்தது. 2021 ஆகஸ்டில் இஸ்ரேலில் கடுமையான நோயோடு மருத்துவமனையில் இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இரண்டு டோஸ் போட்டவர்கள். செய்தி பொய் இல்லை. அதிலிருந்து இவர் எடுத்த முடிவுதான் தப்பு. பிரிஸ்கிரிப்ஷன் பேடைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். இங்கேயும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பேட்டையில் 1,000 முதியவர்கள் என்று வையுங்கள். கற்பனைக் கணக்குதான். 900 பேர் ஊசி போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். போடாதவர்களில் 100க்கு 10 பேர் ஆஸ்பத்திரியில் சேருகிறார்கள். போட்டவர்களில் 100க்கு ஒருவர்தான். அதாவது ஊசி 90 சதவீதம் காப்பாற்றுகிறது. இப்போது வார்டை எட்டிப் பாருங்கள். போடாதவர்கள் 10, போட்டவர்கள் 9. கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி! பார்ப்பவர் என்ன சொல்வார்? “ரெண்டு பக்கமும் சமமா இருக்கு, ஊசியால பிரயோஜனமே இல்ல.”

அதே பேட்டையில் இன்னும் 50 பேர் போய்ப் போட்டுக்கொண்டார்கள் என்று வையுங்கள். 950, 50. வார்டில் போட்டவர்கள் 9 அல்லது 10, போடாதவர்கள் 5. “பார்த்தீங்களா, ஊசி போட்டவங்கதான் அதிகம் படுத்திருக்காங்க!” 1,000 பேரும் போட்டுவிட்டால்? வார்டில் இருக்கும் 10 பேரும் ஊசி போட்டவர்கள். நூற்றுக்கு நூறு. ஊசியே போடாமலிருந்தால் அங்கே 100 பேர் கிடந்திருப்பார்கள். அந்த 90 பேர் வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் இருப்பவர் நியூஸில் வரமாட்டார்.

“தம்பி, ஒரு கடையோட வாராக்கடன் ஒரு லட்சம்னு சொன்னா, உடனே மோசமான கடைன்னு எழுதிடுவீங்களா? விற்றுமுதல் எவ்வளவுன்னு கேட்க மாட்டீங்க?” என்றேன். அப்போதுதான் பேடைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

இதைக் கற்பனைக் கணக்கு என்று ஒதுக்குகிறவர்களுக்கு நம் ஊர்க் கணக்கே இருக்கிறது. சென்னையில் இருக்கும் ஐ.சி.எம்.ஆரின் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் தமிழ்நாட்டுக் காவல்துறையினர் 1,17,524 பேரின் விவரங்களைப் பார்த்தது. 2021 ஏப்ரல் 13 முதல் மே 14 வரை, இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்த அதே ஒரு மாதம். கோவிட்டால் இறந்த காவலர்கள் 31 பேர். அதில் 11 பேர் ஒரு டோஸாவது போட்டவர்கள். இதோடு நிறுத்தினால் ‘இறந்தவர்களில் மூன்றில் ஒருவர் ஊசி போட்டவர்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிடலாம். நிறுத்தாமல் வகுத்துப் பாருங்கள். ஊசி போடாதவர்கள் 17,059 பேர், இறந்தவர்கள் 20. இரண்டு டோஸ் போட்டவர்கள் 67,673 பேர், இறந்தவர்கள் 4. முதல் கூட்டத்தில் சுமார் 850 பேருக்கு ஒருவர். இரண்டாவதில் சுமார் 17,000 பேருக்கு ஒருவர். மே மாத வெயிலில் ஊரடங்குத் தடுப்பை வைத்துக்கொண்டு சாலையில் நின்றவர்கள் இவர்கள். வீட்டுக்குள் பத்திரமாக இருந்ததால் பிழைத்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

இதை வைத்து இரண்டு டோஸ் 95 சதவீதம் மரணத்தைத் தடுத்தது என்று சொன்னார்கள். அந்த 95ஐ நான் சத்தியவாக்காக எடுத்துக்கொள்ளவில்லை. போடாதவர்களில் வயதானவர்களும் சீக்காளிகளும் அதிகம் இருந்தார்களா, யாருக்கு ஏற்கெனவே கோவிட் வந்து போயிருந்தது என்பதெல்லாம் அந்தக் கணக்கில் இல்லை. ஒரே ஒரு மாதம்தான். 95 என்பது 85 ஆகலாம். பூஜ்யம் ஆகாது.

கருத்து வேறுபாடு இருக்கிறதா என்றால், இருக்கிறது. எங்களுக்குள்ளேயே இருக்கிறது. கோவாக்சினுக்கு 2021 ஜனவரி 3 அன்று அனுமதி கொடுத்தபோது மூன்றாம் கட்டச் சோதனை முடிவே வரவில்லை. அன்று முகம் சுளித்த டாக்டர்களை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் சுளித்தேன். பிறகு முடிவு வந்தது: அறிகுறியுள்ள நோயை 77.8 சதவீதம், கடுமையான நோயை 93.4 சதவீதம் தடுக்கிறது. 93.4 என்றதும் பெரிதாகத் தெரிகிறது. அது 16 பேரை வைத்து வந்த எண். கடுமையான நோய் வந்த 16 பேரில் 15 பேர் ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெற்று ஊசி போடப்பட்டவர்கள், ஒருவர் கோவாக்சின் போட்டவர். திசை சரி, புள்ளிக்குப் பின்னால் இருக்கும் இலக்கத்தை வைத்துக்கொண்டு ‘கோவாக்சினா கோவிஷீல்டா’ என்று சண்டை போடுவது வீண்.

ஒமிக்ரானே லேசான வகைதான், ஊசிக்கு எதற்குப் பேர் என்று ஒரு வாதம் உண்டு. பாதி சரி. டெல்டாவைவிட அது மென்மையானதுதான். மே 2021ல் ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை வாசலில் வரிசையாக நின்ற ஆம்புலன்ஸ்கள் 2022 ஜனவரியில் இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். முதல் இரண்டு அலைகளில் கோவிட் வந்து போனவர்கள் ஏராளம் என்பதும் ஒரு காரணம். ஆனால் அதே ஒமிக்ரான் 2022 தொடக்கத்தில் ஹாங்காங்குக்குள் புகுந்தது. அங்கே முதியவர்களில் பலர் ஊசி போடாமல் காத்திருந்தார்கள். சில வாரங்களில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 60ஐத் தாண்டி இறந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஒரு டோஸ்கூடப் போடாதவர்கள். ‘லேசான’ கிருமிதான் அதைச் செய்தது.

பக்கவிளைவு பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் கமென்ட்டில் வந்து கேட்பீர்கள். கோவிஷீல்டு வகை ஊசியால் மிக அரிதாக ரத்தம் உறைந்து, ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறையும் நிலை வந்தது உண்மை. ஐரோப்பாவில் 2021 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டார்கள். 2024ல் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, ஊசியை உருவாக்கிய நிறுவனம் நீதிமன்றத்தில் கொடுத்த ஆவணம் செய்தியானது, அவ்வளவுதான். அது ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வருவது. இன்று காலை மாடிப்படி ஏறும்போது வந்த நெஞ்சு வலியை 2021 ஊசியின் தலையில் கட்டாதீர்கள், ஈ.சி.ஜி. எடுங்கள். நடிகர் விவேக் ஊசி போட்ட இரண்டாம் நாள் மாரடைப்பால் இறந்ததை இன்னும் சொல்கிறார்கள். மத்திய அரசின் நிபுணர் குழு ஆராய்ந்து, ஊசிக்குத் தொடர்பில்லை என்று சொன்னது. அந்த முடிவு வந்தது 2021 அக்டோபரில். அதற்குள் என் வயதான நோயாளிகள் எத்தனை பேர் முகாம் வாசல் வரை போய்த் திரும்பினார்கள் என்று எனக்குத்தான் தெரியும். அதில் இரண்டு பேருக்கு நானே மரணச் சான்றிதழ் எழுதினேன்.

சரி, இப்போது என்ன செய்வது?

எல்லோரும் வருடா வருடம் கோவிட் ஊசி போட்டாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆரோக்கியமான 30 வயதுக்காரர் என் கிளினிக்குக்கு வந்து அதைக் கேட்டால் வீட்டுக்குப் போகச் சொல்வேன். சிறுநீரகம் மாற்றியவர்கள், கீமோ எடுப்பவர்கள், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் தங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ஃபார்வர்டு மெசேஜிடம் கேட்காதீர்கள்.

60ஐத் தாண்டியவர்கள், சர்க்கரை, இதயம், நுரையீரல் கோளாறு உள்ளவர்கள் ஃப்ளூ ஊசியை வருடம் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே போடுங்கள். டிசம்பரில் இருமிக்கொண்டே வந்து கேட்காதீர்கள். அது ஃப்ளூவே வராமல் காக்கும் என்று இந்த முறை சொல்ல மாட்டேன், ஒருமுறை பட்டது போதும். நல்ல வருடத்தில்கூட டாக்டரிடம் வர வைக்கும் ஃப்ளூவில் பாதியைத் தடுத்தால் அதிகம். மீதிப் பாதியிலும் ஐ.சி.யூ. வரை போவது குறையும். நிமோனியா ஊசி வருடா வருடம் தேவையில்லை, எது எப்போது என்று கேட்டுப் போடுங்கள். நாய்க்கடி ஊசியில் ஒரு டோஸைக்கூட விடாதீர்கள். அதில் ‘கடுமையான நோய், லேசான நோய்’ என்றெல்லாம் கிடையாது. வந்தால் மரணம்தான்.

வயதானவருக்குக் காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை எடுங்கள். அந்த 2021 கருவி அலமாரியில் எங்கேயாவது கிடக்கும், பேட்டரி மாற்றுங்கள். 94க்குக் கீழே போனால் அன்றைக்கே மருத்துவமனை. மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டு வாங்கித் தராதீர்கள், சர்க்கரைக்காரர்களுக்கு அது என்ன செய்யும் என்பதைக் கரும்பூஞ்சைக் காலத்தில் இந்த ஊரே பார்த்தது.

பெரியவர் டிசம்பர் கடைசியில் செக்கப்புக்கு வந்தார். மகன்தான் பேசினார். நிமோனியா ஊசி போட்டுவிடலாம் என்றார். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் சட்டைக் கையை மடித்துவிட்டார். “இதுக்கப்புறமும் சளி பிடிச்சா உங்ககிட்டதான் வருவேன்” என்றார். சளி பிடிக்கும் ஐயா, வாங்க என்றேன்.

வரும்போது பழைய ஊசிச் சீட்டுகளை எடுத்து வாருங்கள். “ஏதோ ஒண்ணு போட்டாங்க டாக்டர், கை வலிச்சுது” என்பதை வைத்துக்கொண்டு நான் ஃபைலில் எதையும் எழுத முடியாது.