பாதி சுருளில் கிடக்கும் கேபிள்

மோட்டார் ஹோம், கேம்பர் வேன் போன்ற, உள்ளேயே தங்கிக்கொண்டு ஊர் சுற்றும் வண்டிகளில் மின்சார வேலை செய்வதுதான் என் தொழில். கரண்ட் பிரச்சினை என்று யார் வந்தாலும் பேட்டரிப் பக்கம் போவதற்கு முன், "வெளியிலிருந்து கரண்ட் எடுக்கிற கேபிளைக் கொஞ்சம் எடுங்கள்" என்பேன். அது பெட்டியிலிருந்து எந்தக் கோலத்தில் வெளியே வருகிறது என்று பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும்.

ஒருவர் கொண்டுவந்தது 25 மீட்டர் கேபிள், உருளையில் சுற்றியது. முகாமில் மின்கம்பம் (வண்டிகளுக்குக் கரண்ட் கொடுக்க சாக்கெட் வைத்த கம்பம்) பக்கத்திலேயே இருந்ததால் 5 மீட்டர் மட்டும் இழுத்து மாட்டியிருக்கிறார். ஏ.சி.யும் வாட்டர் ஹீட்டரும் சேர்ந்து ஓட, நடு இரவில் கரண்ட் போய்விட்டது. காலையில் மிச்சக் கேபிளை உருவப் பார்த்தால் வரவில்லை. உள்சுற்றுகள் எல்லாம் ஒன்றோடொன்று உருகி ஒட்டி, வெல்லப்பாகு இறுகிய மாதிரி ஒரே கட்டியாகி இருந்தன. வெளிச்சுற்றுகளைப் பார்த்தால் புதுக் கேபிள் போலவே இருந்தது. "பிரேக்கர் இருக்கிறதே, அது ஏன் முன்னாடியே காப்பாற்றவில்லை?" என்று கேட்டார். நல்ல கேள்வி.

பிரேக்கர் என்பது அளவு மீறிக் கரண்ட் போனால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச். அதற்குத் தெரிவது தன் வழியாக எவ்வளவு கரண்ட் போகிறது என்பது மட்டும்தான். 16 ஆம்பியர் பிரேக்கரில் 14 ஆம்பியர் போனால் அதைப் பொறுத்தவரை எல்லாம் சரி. கேபிள் தரையில் நீளக் கிடக்கிறதா, உருளைக்குள் அடைந்து கிடக்கிறதா என்று அதற்குத் தெரியாது. உறை உருகி, உள்ளே இரண்டு கம்பிகள் தொட்டுக்கொண்ட பிறகுதான் அது விழும்.

கணக்கையும் பார்த்துவிடலாம். கம்பியின் குறுக்குப் பரப்பு 2.5 சதுர மில்லிமீட்டர் உள்ள செம்புக் கேபிள் 25 மீட்டர் என்றால், கரண்ட் போக ஒரு கம்பி, திரும்பி வர ஒரு கம்பி, ஆக 50 மீட்டர் செம்பு. அதன் மின்தடை ஏறத்தாழ 0.4 ஓம். 16 ஆம்பியர் ஓடினால் கேபிளே சுமார் 100 வாட் வெப்பத்தை உண்டாக்கும். பழைய குண்டு பல்பு ஒன்றின் சூடு அது. 25 மீட்டருக்குப் பரவிக் கிடந்தால் காற்று அதை வாங்கிக்கொள்ளும், தொட்டால் லேசான வெதுவெதுப்புதான். அதே 100 வாட்டை ஒரு உருளைக்குள் அடைத்துவிட்டால் நடுச்சுற்றுகளின் சூடு எங்கே போகும்? சாதாரண பிவிசி உறை தாங்குவது சுமார் 70 டிகிரி வரைதான். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும் என்பதையும் மறக்க வேண்டாம். போன் சார்ஜரும் விளக்கும் மட்டும் ஓடும்போது சுருளில் எதுவுமே ஆகாது. அந்தப் பழக்கத்தில்தான் ஹீட்டரையும் போட்டுவிடுகிறோம்.

சுருட்டிய கேபிள் காந்தச் சுருள் போல வேலை செய்வதால் சூடாகிறது என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. ஒரே உறைக்குள் போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் எதிரெதிர் என்பதால் காந்தப்புலம் கிட்டத்தட்ட அடிபட்டுப் போகிறது. சூடு வெளியேற வழியில்லை, அவ்வளவுதான் விஷயம். உருளையின் பக்கவாட்டில், எத்தனை வாட் வரை தாங்கும் என்று இரண்டு அளவுகள் அச்சிட்டிருப்பதும் இதனால்தான். சுற்றியபடி இருந்தால் ஒன்று, முழுதாகப் பிரித்தால் அதைவிடப் பல மடங்கு. வாங்கியவர்களில் அதைப் படித்தவர்கள் எத்தனை பேரோ!

சரி, முழுதாகப் பிரிக்க வேண்டும் என்று தெரிந்தும் ஏன் பிரிப்பதில்லை? சோம்பல் என்று நான் சொல்ல மாட்டேன். போன முறை சுருட்டிய லட்சணம்தான் காரணம். உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவே சரசரவென்று சுற்றுகிறோம் இல்லையா, அதில் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு முழு முறுக்கு கேபிளில் ஏறுகிறது. இருபது வளையம் என்றால் இருபது முறுக்கு. அடுத்த ஊரில் பிரித்தால் பாம்பு மாதிரி நெளிந்து சிக்கிக்கொள்ளும். மழையில், இருட்டில், அதோடு மல்லுக்கட்ட யாருக்குப் பொறுமை இருக்கும்?

மேடை ஒலி அமைப்பாளர்கள் கேபிள் சுருட்டுவதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு வளையம் நேராக, அடுத்த வளையம் தலைகீழாக. முதல் வளையத்தை வழக்கம்போல இடது கையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதுக்கு வலது மணிக்கட்டைத் திருப்பி, கேபிள் வளையத்தின் அடிப்பக்கமாகப் போகும்படி வையுங்கள். முதல் முறுக்கை இரண்டாவது எடுத்துவிடும். இப்படியே மாற்றி மாற்றிப் போனால், பிரிக்கும்போது ஒரு முனையைப் பிடித்து நடந்தால் போதும், நேராக வரும். ஒரு எச்சரிக்கை: முனை வளையத்துக்குள் நுழைந்துவிட்டால் வரிசையாக முடிச்சு விழும். அதனால் சுருட்டியதும் முனையை வெளியே ஒதுக்கி ஒட்டுப்பட்டையால் கட்டிவிடுங்கள். வட அமெரிக்காவில் பெரிய வண்டிகளுக்கு வரும் 50 ஆம்பியர் கேபிள் கையில் அடங்காது. அதைத் தரையில் எட்டு வடிவத்தில் போடுவதே நல்லது. முறுக்கு தானாகவே சமன் ஆகிவிடும். குளிர் 5 டிகிரிக்குக் கீழே என்றால் பிவிசி விறைத்திருக்கும், வலிந்து மடக்காதீர்கள்.

முகாமில் நீளம் மிஞ்சினால் வண்டிக்கு அடியில் அகலமான வளைவுகளாகப் பரப்பி விடுங்கள், ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல்.

கிளம்பும்போது முதலில் பிரேக்கரை அணையுங்கள், அப்புறம் மின்கம்பத்துப் பக்கம் கழற்றுங்கள், கடைசியில் வண்டிப் பக்கம். ஈரத்துணி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் வழியே கேபிளை இழுத்தபடி சுருட்டினால் மண்ணும் போகும், வெட்டு, கீறல், உப்பல் எல்லாம் விரலில் தட்டுப்படும். நான் கண்டுபிடித்த பழுதுகளில் பாதி இப்படி விரலில் மாட்டியவைதான். கழிவுநீர்க் குழாய் இருக்கும் பெட்டியிலேயே கேபிளையும் திணிக்க வேண்டாம். அந்த ஈரம் பிளக் ஊசிகளை அரித்துவிடும்.

ஊசி ஒன்று பழுப்பேறியிருந்தால் அது தளர்ந்த தொடர்பில் சூடேறிய அடையாளம். பிளக்கை மாற்றும்போது கருத்த செம்பை விட்டுவைக்காமல், பளபளப்பான செம்பு தெரியும்வரை கேபிளை வெட்டிவிட்டு மாட்டச் சொல்லுங்கள். கருத்த கம்பியிலேயே மாட்டினால் புது பிளக்கும் அதே இடத்தில் கருகும்.