எல்லாப் பழியும் கரியமில வாயுவின் மீதா?

மண்டபம் பகுதியில் பவளப்பாறைகளைக் கணக்கெடுக்கும் பணியில் இருக்கிறேன். சென்ற கோடையில், பாசி எடுத்துக் கரையேறிய ஓர் அக்கா, விரல்களில் சுற்றியிருந்த ஈரத் துணியை அவிழ்த்தபடியே என்னிடம் கேட்டார்: "காத்துல பத்தாயிரத்துக்கு நாலு பங்குதானாமே சார் அந்த வாயு? அதுவா கடலைச் சுட வைக்குது?" அவருடைய மகனின் செல்பேசிக்கு வந்த காணொளியில் அப்படிச் சொன்னார்களாம்.

கேலி செய்யத்தக்க கேள்வி அன்று இது. அந்த அளவும் சரியானதே. ஆனால், உலர்ந்த காற்றில் 99 விழுக்காடாக இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும், தரையும் கடலும் வெளிவிடும் வெப்பக் கதிர்களைத் தடுப்பதில்லை என்பதால், அந்த வேலை முழுவதும் மிகச் சிறு பங்காக இருக்கும் பிற வாயுக்களின் பொறுப்பில் விழுகிறது. 1859ஆம் ஆண்டிலேயே இயற்பியலாளர் ஜான் டிண்டால் இதை ஆய்வகத்தில் அளந்து காட்டிவிட்டார். அப்போது காலநிலை அரசியல் என்ற ஒன்றே கிடையாது. 1958இல் ஹவாயில் அறிவியலாளர் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்துக்கு 315 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. கூடிய பங்கு எங்கிருந்து வந்தது என்பதும் ஊகமன்று: தாவரங்கள் குறைவாகவே ஏற்கும், சற்றுக் கனமான கார்பன் வகையான கார்பன்-13இன் விகிதம் காற்றில் குறைந்துவருவது, பழங்காலத் தாவரங்கள் புதைந்து உருவான எரிபொருள் எரிவதன் தடயம்.

அறிஞர்களிடையே இன்னும் விவாதம் இருப்பது வேறிடத்தில். இவ்வாயு இருமடங்கானால் வெப்பம் எவ்வளவு உயரும் என்பதற்கு, ஐ.நா. காலநிலைக் குழுவின் 2021 அறிக்கை 2.5 முதல் 4 டிகிரி வரை என்று ஓர் இடைவெளியைத்தான் தருகிறது.

எங்கள் தரப்பிலும் ஒரு பிழை உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் மூழ்கியதைக் காட்டி, "பாருங்கள், காலநிலை மாற்றம்" என்று மேடைகளில் பேசுகிறோம். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாகப் பல்லாண்டுகள் பவளத்தை வெட்டியெடுத்ததே அவை மூழ்கியதற்கு முதன்மைக் காரணம். வெட்டிய கல்லைக் கரையில் கண்ட பெரியவர்கள் ஊரில் இருக்கையில், அவர்களிடமே வாயுக் கணக்குச் சொன்னால், சரியான கணக்கையும் நம்ப மாட்டார்கள்.

பவளம் வெளுப்பது அப்படியன்று. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வலுப்பதற்கு முன், கடல் அசையாமல் கிடக்கும் சித்திரை, வைகாசியில் நீரின் வெப்பம் 30 டிகிரியைக் கடந்து வாரக்கணக்கில் நீடித்தால், தனக்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசியைப் பவளம் வெளியேற்றிவிடுகிறது. 2010இலும் 2016இலும் இங்கு அது பெருமளவில் நிகழ்ந்தது; உலகக் கடல்கள் சூடேறச் சூடேற இத்தகைய கோடைகள் அடிக்கடி வருகின்றன. வெளுத்த பவளம் உடனே சாவதில்லை. நீர் விரைவில் குளிர்ந்தால் தேறிவிடும், மிதித்தாலோ நங்கூரம் பட்டாலோ தேறாது.

இதைச் சொன்னபோது அக்கா, "சித்திரையில தட்டைக் கட்டிக்கிட்டு அந்தப் பவளப் பாருமேலதான் நடப்போம்" என்றார், தன் பாதத்தில் கட்டியிருந்த அலுமினியத் தட்டைப் பார்த்துக்கொண்டே.