வீட்டுப் பெரியவருக்குத் திடீரென்று ஓர்மை (நினைவு) தடுமாறினால்

நேற்று வரை பேப்பர் படித்து ஊர்க்கதை பேசிய பெரியவர், இன்று காலையில் பெற்ற மகளைப் பார்த்து "நீ யாரு?" என்று கேட்கிறார். ராத்திரி முழுக்கத் தூங்காமல், என்றோ இறந்துபோன தம்பியைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். இப்படி நடந்தால் வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். உடம்பில் எங்கோ ஒரு நோய் வந்து மூளையைத் தடுமாற வைக்கிறது என்று அர்த்தம். நெஞ்சுவலி வந்தால் எவ்வளவு வேகமாக ஆஸ்பத்திரிக்கு ஓடுவோமோ, அதே வேகம் இதற்கும் வேண்டும்.

நாகர்கோவிலில் பொது மருத்துவராக இருக்கும் நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குடும்பத்தார் பெரும்பாலும் மூன்று நாள், நான்கு நாள் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். அந்த மூன்று நாளில் ஒரு சாதாரண சிறுநீர்த் தொற்று ரத்தம் முழுக்கப் பரவிவிடலாம்.

மறதிநோய், அதாவது டிமென்ஷியா, மெதுவாக வரும். மாதங்களாக, வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, அது இருக்கலாம் என்று 2023-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. நான் இங்கே பேசுவது டெலிரியம் எனப்படும் திடீர்க் குழப்பத்தைப் பற்றி. இது சில மணி நேரத்தில், அல்லது ஓரிரு நாளில் வரும். காலையில் தெளிவாக இருப்பார், சாயங்காலம் மோசமாகும், நடுராத்திரி எழுந்து நிற்பார். எதிலும் கவனம் நிற்காது. வாரத்தின் கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வேன். ஞாயிறு, சனி என்று தொடங்கிவிட்டு வேறெங்கோ போய்விடுவார்கள். (தேதி கேட்கும்போது மட்டும் கவனமாக இருக்க வேண்டும். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து மூத்தவர்கள் சிலர் கும்பம், மீனம் என்று கொல்லம் ஆண்டு எனப்படும் மலையாள மாதக் கணக்கில் சொல்வார்கள். அதுவும் சரியான பதில்தான்.)

ஒரு மழைக்காலத்தில் குலசேகரம் பக்கமிருந்து ஒரு பாட்டாவைக் கூட்டி வந்தார்கள். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். 80 தாண்டியவர், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி உழைத்த உடம்பு. மகன்கள் வளைகுடாவில். மருமகள்தான் பார்த்துக்கொள்கிறார்.

"ரெண்டு நாளா மாமாவுக்கு ஒரு ஓர்மையும் இல்ல டாக்டர். வேட்டியை அவுத்து அவுத்துப் போடுறாரு. கத்தியைத் தேடுறாரு, வெட்டுக்குப் போணும்னு வாசல்ல வந்து நிக்கிறாரு" என்றார். வயசாச்சு, இனி இப்படித்தான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டார்களாம்.

அவர் அடிவயிற்றில் கை வைத்தேன். தொப்புள் வரை உருண்டு இறுகி நின்றது. தொட்டதும் முகத்தைச் சுளித்தார். சளிக்கு என்று மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையில் குளோர்பெனிரமைன் இருந்தது. அது மூக்கொழுகலை நிறுத்தும், கூடவே சிறுநீர்ப்பையின் தசையையும் தளர்த்தும், வயதான மூளையை மந்தமாக்கும். ப்ராஸ்டேட் ஏற்கெனவே வீங்கியிருந்ததால் சிறுநீர் அடைத்துக்கொண்டது. டியூப் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. மறுநாள் காலை ரவுண்ட்ஸ் போனபோது பாட்டா கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். "மழை விட்டாச்சா மக்ளே?" என்று என்னைக் கேட்டார். அவர் வேட்டியை அவிழ்த்ததற்குக் காரணம் மூத்திரம் முட்டியது, அதைச் சொல்லத் தெரியாமல் போனது, அவ்வளவுதான்.

எல்லாருக்கும் ஒரே நாளில் இப்படித் தெளிந்துவிடாது. சிலருக்கு வாரக்கணக்காகும். ஆனால் காரணத்தைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீர்ச்சத்து குறைவது, நாலைந்து நாள் மலச்சிக்கல் என்று அது எதுவாகவும் இருக்கலாம். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் தொற்று வரும் என்பதை மறக்க வேண்டாம். நெஞ்சுவலியே இல்லாத மாரடைப்பும் வெறும் குழப்பமாக வெளிப்படலாம். ரத்த அழுத்தத்துக்கான நீர் மாத்திரையால் ரத்தத்தில் சோடியம், அதாவது உப்பு, இறங்கிப்போய் வருகிறவர்களையும் நிறையப் பார்க்கிறேன். 135-க்கு மேல் இருக்க வேண்டியது 120-க்குக் கீழே கிடக்கும். உப்பு குறைந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு வீட்டிலேயே உப்புக் கரைத்துக் கொடுக்காதீர்கள். அதைத் திருத்துகிற வேகம் முக்கியம், அது ஆஸ்பத்திரியில் நடக்க வேண்டியது.

சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் சாப்பாட்டைத் தவறவிட்டிருந்தால், எல்லாவற்றுக்கும் முதலில் குளுக்கோமீட்டரில் சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால், உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். வியர்க்கும், கை நடுங்கும் என்று காத்திருக்காதீர்கள். வயதானவர்களுக்கு அந்த அறிகுறிகள் வராமலே போகலாம். பாசி பிடித்த முற்றத்தில் வழுக்கி விழுந்து இரண்டு மூன்று வாரம் கழித்துக் குழப்பம் வந்தாலும் அந்த விழுந்த கதையைக் கட்டாயம் சொல்லுங்கள். தலைக்குள் மெல்ல ரத்தம் கசிந்து சேர்ந்திருக்கலாம். அப்புறம், தினமும் குடிக்கிறவர் என்றால் அதை மறைக்க வேண்டாம். இடுப்பு எலும்பு முறிந்து அட்மிட் ஆனவருக்கு இரண்டாம், மூன்றாம் நாளில் குடி நின்றதால் வருகிற குழப்பம் உயிரையே பறிக்கக்கூடியது. மானம் போய்விடும் என்று குடும்பம் மறைத்தால் எங்களுக்குச் சரியான மருந்து கொடுக்க வழியில்லை.

கத்துகிறவரையாவது யாராவது கவனிப்பார்கள். பேசாமல் சுருண்டு படுத்து, ஊட்டினால் வாயில் வைத்துக்கொண்டே தூங்கிப்போகிறவரை "பாவம், அசதி" என்று விட்டுவிடுகிறார்கள். அதுவும் டெலிரியம்தான், அதிகம் தவறவிடப்படுவதும் அதுதான். ஏற்கெனவே மறதிநோய் உள்ளவர்களுக்கு இது இன்னும் எளிதாக வரும், இன்னும் எளிதாகத் தவறிப்போகும். "அவருக்கு மறதிதானே" என்ற ஒரே வார்த்தையில் வீட்டிலும் வார்டிலும் கதவு மூடிக்கொள்கிறது. போன வாரம் அவர் எப்படி இருந்தார், இந்த வாரம் எப்படி இருக்கிறார் என்பதைச் சொல்ல உங்களால் மட்டுமே முடியும். சம்பளத்துக்கு வந்த ஹோம் நர்ஸிடம் மட்டும் அவரை அனுப்பிவைத்தால் அந்தத் தகவல் எங்களுக்குக் கிடைக்காது. பிள்ளைகள் வெளிநாட்டில் என்றால் தினமும் வீடியோவில் பேசச் சொல்லுங்கள். மாற்றம் தெரிந்தால் எங்களுக்கே நேரடியாக ஃபோன் செய்து சொல்லச் சொல்லுங்கள்.

சரி, ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். அங்கே என்ன செய்ய வேண்டும் என்பதற்கு 1999-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து ஷரன் இனோயி குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒரு நல்ல வழிகாட்டி. 70 வயதைத் தாண்டிய 852 நோயாளிகள். வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 15 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது. கூடுதல் கவனிப்பு பெற்றவர்களில் அது 9.9 சதவீதமாகக் குறைந்தது. விலை உயர்ந்த மருந்து எதுவும் அதில் இல்லை. கண்ணாடியைப் போட்டுவிட்டார்கள், காது கேட்க வழி செய்தார்கள், தண்ணீர் குடிக்க வைத்தார்கள், சீக்கிரமே எழுப்பி நடக்க வைத்தார்கள், எங்கே இருக்கிறீர்கள் என்று எடுத்துச் சொன்னார்கள், ராத்திரி சத்தமில்லாமல் தூங்க விட்டார்கள்.

இதையெல்லாம் நம்மூர் வார்டில் செய்ய முடியாதா? நம் ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் சொந்தக்காரர் ஒருவர் கூடவே இருக்கிறார். அவர் கையில்தான் பாதி சிகிச்சை இருக்கிறது. அட்மிட் ஆகும் அவசரத்தில் கண்ணாடி, காது மெஷின், பல்செட் எல்லாவற்றையும் "தொலைஞ்சு போயிரும்" என்று வீட்டில் வைத்துவிட்டு வருகிறோம். கண்ணும் காதும் மங்கிய நிலையில் புது இடத்தில் படுத்திருப்பவருக்கு ட்ரிப்ஸ் ஸ்டாண்ட் ஆள் நிற்பது போலத் தெரிந்தால் அதில் அவர் தப்பு என்ன? அவற்றைக் கொண்டு வாருங்கள். பகலில் ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள். "பாட்டா, இது ஆஸ்பத்திரி. இன்னிக்கு செவ்வாய்க்கிழமை. நான் உங்க பேத்தி" என்று நிதானமாகச் சொல்லுங்கள். அவர் சொல்வது தவறென்றால் வாதாட வேண்டாம். ஆள் மாற்றி மாற்றிப் பத்துப் பேர் வந்து "என்னைத் தெரியுதா?" என்று பரீட்சை வைப்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

என் சக மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் ஒரு வேண்டுகோள். கையைக் கட்டிலோடு கட்டாதீர்கள். கட்டினால் திமிறுவார், குழப்பம் கூடும், காயமும் படும். தேவை முடிந்த அன்றே டியூபை எடுத்துவிடுங்கள். நிலைமை இடம் கொடுக்கிறபோது நடுராத்திரி பிபி பார்ப்பதைத் தவிர்க்கலாம். ஐ.சி.யூ. என்றாலும் பழகிய முகம் ஒன்றை அரை மணி நேரமாவது பக்கத்தில் உட்கார விடுங்கள். அமைதிப்படுத்தும் ஊசி சில நேரங்களில் தேவைப்படும், மறுக்கவில்லை. ஆனால் மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு மனநோய் மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரிக்கத் தொடங்கிவிட்டது. குறைந்த அளவு, குறைந்த நாள், காரணத்தைத் தேடிக்கொண்டே. அதற்கு மேல் வேண்டாம்.

வீட்டுக்கு மாத்திரை கொண்டு வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளரிடமும் இந்த மாற்றங்களைச் சொல்லி வையுங்கள். முதியோர் உதவிக்கான 14567 எண்ணும் ஃபோனில் இருக்கட்டும். அவசரம் என்றால் 108-தான்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது, வார்டில் தூக்கத்துக்கு என்று தொடங்கிய மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும் என்று கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாலு நாளைக்கு என்று தொடங்கிய மாத்திரையை நாலு வருடமாகச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. மறதிநோய் இருக்கிறதா என்ற முடிவையும் வார்டில் வைத்து எடுக்க முடியாது. உடம்பு தேறி இரண்டு மூன்று மாதம் ஆகட்டும். அப்போது நினைவாற்றல் பரிசோதனைக்குக் கூட்டி வாருங்கள். தைராய்டும் பி12-உம் சேர்த்துப் பார்த்துவிடலாம். வரும்போது அவர் சாப்பிடுகிற எல்லாவற்றையும், மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கியது, நாட்டு மருந்து, லேகியம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.